மூன்றாம் வசனத்தோடு நிறுத்தியவன்

எங்கள் வீட்டில் காலையில் காப்பி கொடுப்பதற்கு முன் அம்மா கேட்கும் கேள்வி ஒன்றுதான். "வசனம் வாசிச்சியாய்யா?" இல்லை என்றால் டம்ளர் அடுப்பு மேட்டிலேயே இருக்கும், ஆடை படிந்து ஆறிப்போகும். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. எட்டு வயதில் காப்பிக்காகத் தொடங்கிய அந்தப் பழக்கம், 2003-ல் வேலை தேடிக் கோயம்புத்தூர் வந்த பிறகும் என்னை விடவில்லை. பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். ஆறு மணி ஷிப்டு என்றால் நாலரைக்கு எழுந்துவிடுவேன். தினம் வேதாகமத்தில் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒன்று, புதிய ஏற்பாட்டில் ஒரு அதிகாரம், நீதிமொழிகளில் அன்றைய தேதிக்குரிய அதிகாரம். நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருப்பதால் மாதத்துக்கு ஒரு சுற்று வந்துவிடும். பலர் இப்படி வாசிப்பார்கள். இதையெல்லாம் இங்கே சொல்லக் காரணம், இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துகொண்டே நான் 3,16,000 ரூபாயையும் ஏறக்குறைய மூன்று வருஷத்துத் தூக்கத்தையும் தொலைத்தேன். முன்கூட்டியே யாராவது எச்சரித்திருக்கக் கூடாதா என்று ரொம்ப நாள் நினைத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், எச்சரித்தவள் ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள். நான் காது கொடுக்கவில்லை.

2015 டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. பன்னிரண்டு மணிக்கு மணி அடித்து முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைத் தட்டு வரும், தெரியுமில்லையா, புது வருஷத்துக்கான வாக்காக ஒரு வேத வசனம் அச்சடித்த அட்டை, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வந்தது யோசுவா 1:3. "உங்கள் காலடி மிதிக்கும் எவ்விடத்தையும் உங்களுக்குக் கொடுத்தேன்." பன்னிரண்டு வருஷ வாடகை வாழ்க்கை, மூன்று வீடு மாறியாயிற்று, மூன்றாவது வீட்டுக்காரர் வேறு ஜனவரியில் காலி பண்ணச் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட ஆள் கையில் இந்த அட்டை வந்தால் என்ன நினைப்பான்? ஸ்கூட்டரில் வீட்டுக்கு வருகிற வழியிலேயே என் மனைவியிடம், "இந்த வருஷம் சொந்த இடம்" என்றேன். அவள் குளிருக்கு முக்காடு போட்டுக்கொண்டு, "ஆமென்" என்றாள். அட்டையை அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்தேன்.

ஈஸ்டர் கழிந்த வாரம் ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் அறிமுகமானார். மனை வியாபாரம். "ஸ்தோத்திரம் பிரதர்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அவர் வேதாகமம் தோலட்டை கிழிந்து, பக்க ஓரமெல்லாம் கருத்து, சிவப்பிலும் நீலத்திலும் கோடு கோடாக இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. (அதே யோசுவா புத்தகத்தின் 9ஆம் அதிகாரத்தில், கிபியோன்காரர்கள் தேய்ந்த செருப்பும் பூசணம் பிடித்த ரொட்டியுமாக வந்து இஸ்ரவேலரை ஏமாற்றுகிறார்கள். அந்த அதிகாரத்தையும் நான் எத்தனையோ தடவை வாசித்தவன்தான்.) லேஅவுட்டுக்கு வேதாகமத்து ஊர்ப் பெயர் வைத்திருந்தார்கள். 1200 சதுர அடி, 5,10,000 ரூபாய். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, நிறைய பேர் வீடு கட்டிட்டாங்க பிரதர்" என்றார்.

இடத்தைப் பார்க்கப் போன அன்று நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நாலு எல்லைக் கல்லையும் சுற்றி ஏழு தரம் நடந்தேன். யோசுவா புத்தகத்தில் மதில் விழ எரிகோ நகரத்தைச் சுற்றினார்கள் இல்லையா, அந்த நினைப்பு. மூன்றாவது சுற்றில் நெருஞ்சி முள் குத்தியது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இது சத்துருவின் எதிர்ப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மிச்ச நாலு சுற்றையும் நொண்டியபடி முடித்தேன். வடக்குப் பக்கம் தரை கொஞ்சம் தாழ்வாக இருந்தது, நாணல் மாதிரி ஏதோ முளைத்திருந்தது. கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. நாணல் எங்கே முளைக்கும் என்று ஆற்றுப் பாசனத்து ஊர்க்காரனுக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன.

அன்று ராத்திரி மனைவி கேட்டாள். "என்னங்க, பத்திரத்தை யாராவது வக்கீல்கிட்ட காட்டிடலாமா? இல்லாட்டி எங்க மாமாகிட்டயாவது கேப்போமே." அவள் மாமா விஏஓ ஆபீஸில் உதவியாளராக இருந்தவர். நிலப் பதிவேடுகளோடு முப்பது வருஷம் புழங்கியவர். ஆனால் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்கு வருகிற ஆள். அவரிடம் போய் ஆலோசனை கேட்பதா என்று எனக்கு ஒரு இளப்பம். நீதிமொழிகள் 3:5-ஐ எடுத்துவிட்டேன்: "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிருந்து." அவள் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "சுயபுத்தின்னா உங்க புத்திதானங்க? எங்க மாமா புத்தி எப்படி உங்க சுயபுத்தி ஆகும்?" என்றாள். கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன். பத்து வருஷமாக வேதபாட வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளாத வியாக்கியானம் அது. அன்று எனக்கு அது அவிசுவாசமாகத் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். வசனத்தைக் காட்டி ஒரு கேள்வியின் வாயை அடைக்க நீங்கள் முயல்கிறீர்கள் என்றால், அந்த இடத்தில் ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கிறவர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாததால்தான் பெரும்பாலும் வசனத்தைத் தேடுகிறோம். எனக்கு அன்று பதில் தெரியாது. மூலப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்றுகூடக் கேட்டிருக்கவில்லை.

தினம் வாசித்ததைக் குறித்துவைக்கும் நோட்டு ஒன்று உண்டு. நான் சாட்சியாகக் காட்ட முடிந்தது அது ஒன்றுதான், அதுவும் எனக்கு எதிராக. 15.4.2016, வெள்ளிக்கிழமை, சித்திரை ஒன்றுக்கு மறுநாள். அன்று காலை வாசித்தது நீதிமொழிகள் 15. அதில் 22ஆம் வசனம்: "ஆலோசனையில்லாமையால் எண்ணங்கள் சித்தியாமற்போகும், ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் அவைகள் உறுதிப்படும்." அதற்குக் கீழே என் கையெழுத்தில், பச்சை மையில், "என் ஆலோசனைக்காரர் ஆவியானவர் ஒருவரே. ஆமென்" என்று எழுதியிருக்கிறேன். வசனத்தில் 'அநேகர்' என்று இருப்பதை 'ஒருவர்' என்று மாற்றிவிட்டு, மாற்றினோம் என்பதே தெரியாமல் ஆமென் போட்டிருக்கிறேன். அன்று பதினொரு மணிக்கு 2,00,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன்.

முன்பே டோக்கன் 10,000. ஜூன் மாதம் இன்னொரு 1,50,000. ஆக 3,60,000. இதில் என் சேமிப்பு 90,000, ஏலச்சீட்டு எடுத்தது 1,20,000, மனைவியின் ஏழு பவுனை அடகு வைத்தது 1,20,000, கம்பெனியில் வாங்கிய கடன் 30,000. கையில் இருந்தது இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம், பதியாதது. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும் என்று 2012 டிசம்பரிலேயே சட்டம் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரியாது. "நமக்குள்ள எதுக்கு பிரதர் அதெல்லாம், மிச்சப் பணம் கொடுத்ததும் நேரா கிரயம் பண்ணிடலாம்" என்றார். செப்டம்பர் மூன்றாம் வாரம் கிரயம் என்று பேச்சு.

2016 செப்டம்பர் 9-ஆம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. டீக்கடைப் பேப்பரில்தான் பார்த்தேன். கையில் பிடித்த டீ அப்படியே இருந்தது. போன் போட்டேன். "அது நம்ம லேஅவுட்டுக்கு வராது பிரதர், ஜெபம் பண்ணுங்க" என்றார். நவம்பர் 8-ஆம் தேதி பணமதிப்பிழப்பு வந்தது. "இப்ப யார்கிட்ட பிரதர் பணம் இருக்கு" என்றார். ஜனவரியில் போன் ஸ்விட்ச் ஆஃப்.

பஞ்சாயத்துத் தலைவர் போட்ட கையெழுத்துக்கு லேஅவுட் விஷயத்தில் செல்லுபடி கிடையாது, டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 2017 மே மாதம் அங்கீகாரம் இல்லாத மனைகளை ஒழுங்குபடுத்த அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தபோது ஒரு நப்பாசை. ஆனால் அது 2016 அக்டோபர் 20-க்குள் பதிவாகியிருந்த மனைகளுக்கு. என்னுடையது பதிவே ஆகவில்லையே. கடைசியில் தாலுகா ஆபீஸில், நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும், அதன் அளவையும் எல்லையையும் காட்டும் புல வரைபடத்தையும் பார்த்தபோது, என் மனையின் வடக்குப் பாதி ஓடை என்று இருந்தது. நாணல்! வில்லங்கச் சான்றில் இது தெரியாது, அதில் அந்த சர்வே எண்ணில் பதிவான பத்திரங்களின் விவரம் மட்டும்தான் வரும். மனை வாங்குகிற யாராக இருந்தாலும் பணம் கொடுப்பதற்கு முன் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். அரை நாள் வேலை. நான் அதற்குப் பிறகு எடுத்த அரை நாள் லீவுகளை எண்ணினால் நாற்பதைத் தாண்டும்.

பணம் போனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம்தான் நான் யாரிடமும் சொல்லாதது. ஏமாந்தேன் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது, தரகர் பொய் சொன்னார் என்பதில்லை, கர்த்தர் பொய் சொன்னார் என்பதுதான். அந்த நினைப்பு வந்ததும் பயம் வந்தது. பயத்தை விரட்ட இன்னும் அதிகமாக வாசிக்க ஆரம்பித்தேன். மூன்றரை மணிக்கு அலாரம். பத்து அதிகாரம், சில நாள் பதினைந்து. போதாததற்கு, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரலை வைக்கும் பழக்கமும் தொற்றிக்கொண்டது. விரல் பட்ட வசனம் அன்றைய உத்தரவு. நல்ல வசனம் வந்தால் இன்று பணம் வரும் என்று சாயங்காலம்வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். நியாயத்தீர்ப்பு வசனம் வந்தால் அன்று சாப்பாடு இறங்காது. பிள்ளைக்கு ஜுரம் வந்த ஒரு நாள் விரல் பட்ட வசனத்தைப் பார்த்துவிட்டு, அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பயந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். மனைவிதான் ஆட்டோ பிடித்தாள். சாதாரண வைரஸ் ஜுரம்.

கோயிலுக்குப் போவதையும் நிறுத்தியிருந்தேன். "வேதம் இருக்கு, எனக்கு அது போதும்" என்பது வெளியில் சொன்ன காரணம். உள்ளே வேறு. சாட்சி சொல்லியிருந்தேனே, கர்த்தர் எனக்கு இடம் கொடுத்தார் என்று ஜூன் மாதமே மைக் பிடித்து. யார் முகத்தில் விழிப்பது? ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் போகவும் பயம். 1 கொரிந்தியர் 11:27-ல் "அபாத்திரமாய்" அப்பத்தைப் புசிக்கிறவனைப் பற்றி இருக்கிறது. சின்ன வயதில் அதைப் பாத்திரம் இல்லாமல், அதாவது தட்டு இல்லாமல் கையில் வாங்கித் தின்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், அடுத்த வரியிலேயே "பாத்திரத்தில் பானம்பண்ணுகிறானோ" என்று வருகிறது. பெரியவனானதும் தகுதியில்லாமல் என்று தெரிந்தது. தெரிந்ததும் இன்னும் மோசமாயிற்று. கர்த்தரைச் சந்தேகப்பட்ட நான் தகுதியில்லாதவன், தொட்டால் ஆக்கினை என்று ஒன்றரை வருஷம் திருவிருந்துப் பக்கம் போகவில்லை.

விரல் வைக்கும் பழக்கம் விட்டுப்போனது ஒரு வேடிக்கையான காலையில். கண்ணை மூடித் திறந்தேன். 1 நாளாகமம், முதல் அதிகாரம், முதல் வசனம். "ஆதாம், சேத், ஏனோஸ்." அவ்வளவுதான் வசனம். மூன்று பெயர். அதற்கும் ஒரு பொருள் தேடினேன் பாருங்கள்! மூன்று பெயர் என்றால் மூன்று தவணையா, மூன்று மாதமா என்று நோட்டில் கணக்குப் போட்டேன். பேனா பிடித்த கையை நானே பார்த்தேன். குடுகுடுப்பைக்காரரிடம் குறி கேட்கிறவர்களைக் கிண்டல் செய்து வளர்ந்த வீட்டுப் பிள்ளை நான். நோட்டை மூடிவிட்டு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அழுதேன். மனைவி எழுந்து வந்து ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள்தான் சட்டையைத் தேய்த்து வைத்து, "கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு வந்துரலாம்" என்று கூட்டிப்போனாள்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு இன்றும் ஆறாதது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் வழிமறித்தார். ஆறு வருஷம் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்கார்ந்தவர். அவர் வழுக்கையும் பின்கழுத்து மச்சமும் எனக்கு மனப்பாடம், பெயர் தெரியாது. "தம்பி, மனை விஷயம் கேள்விப்பட்டேன். நான் முப்பத்தஞ்சு வருஷம் பத்திரம் எழுதினவன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். பத்திர எழுத்தர்! சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து எழுதியவர், என் கைக்கெட்டும் தூரத்தில் ஆறு வருஷம் ஜெபப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறார். சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில் அவர் கையை எத்தனை தரம் பிடித்திருப்பேன்.

மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அட்டையைப் பற்றிச் சொன்னேன். "யோசுவா ஒண்ணு மூணா? எடுங்க, நாலாம் வசனம் வாசிங்க." வாசித்தேன். வனாந்தரமும் லீபனோனும் தொடங்கி ஐபிராத்து நதி மட்டும், சூரியன் அஸ்தமிக்கிற திசையில் பெரிய சமுத்திரம் வரைக்கும் உங்கள் எல்லை என்று போகிறது. பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மூணாம் வசனத்துல கிரயம், நாலாம் வசனத்துல செக்குபந்தி. நாலு எல்லையும் போட்டு எழுதியிருக்கு தம்பி. அதுல கோயமுத்தூர் ஜில்லா வருதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பிறகு எரேமியா 32-ஐத் திருப்பச் சொன்னார். ஆனதோத்தில் உள்ள நிலத்தை எரேமியா தன் பெரியப்பா மகனிடம், சித்தப்பா மகனோ, வாங்குகிறார். பதினேழு சேக்கல் வெள்ளி. தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரத்தில் கையெழுத்து, முத்திரை, சாட்சிகள். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று இரண்டு பத்திரம். இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டுப் பத்திரப்படுத்தச் சொல்கிறார். அந்த நிலத்தை வாங்கச் சொன்னது சாட்சாத் கர்த்தர். அப்படியிருந்தும் இவ்வளவு எழுத்து வேலை. ஆதியாகமம் 23-ல் ஆபிரகாமும் அப்படித்தான். கானான் முழுவதும் அவனுக்கு வாக்குப்பண்ணப்பட்ட தேசம், ஆனாலும் சாராளை அடக்கம் பண்ண மக்பேலா நிலத்துக்கு ஊர் வாசலில், ஊரார் முன்னால், 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுக்கிறான். "நான் தொழில் கத்துக்கிட்டதே இந்த ரெண்டு அதிகாரத்துலதான்" என்றார். நான் இரண்டையும் பல தடவை வாசித்திருக்கிறேன். எரேமியா 32-ன் ஓரத்தில் டிக் அடித்துத் தேதிகூடப் போட்டிருக்கிறேன்.

எரேமியா என்றதும் இன்னொன்று. நம் வீட்டுக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் இருக்கும் 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வீடு கட்டித் தோட்டம் போட்டு அங்கேயே இருங்கள் என்று சொல்கிற கடிதம். காலண்டர் வசனம் பொய்யில்லை. ஆனால் அது யாருக்கு, எப்போது, எதற்காகச் சொல்லப்பட்டது என்று பார்க்காமல் வெட்டி எடுத்து என் பெயரை எழுதிக்கொண்டது நான். வசன எண்கள்கூடப் பின்னால் போட்டவைதான், புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பார்க்கும் வசன எண்களை 1551-ல் ஒரு பிரெஞ்சு அச்சுக்காரர் போட்டார். பவுல் எழுதினது கடிதம். அதைச் சபையில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் சேர்ந்து கேட்டார்கள், அடுத்த ஊர்ச் சபைக்கும் அனுப்பினார்கள். கொலோசெயருக்கு அவர் எழுதின கடிதத்தின் கடைசி அதிகாரத்திலேயே அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு நாலரை மணிக்குத் தனியாக வாசிப்பது மட்டுமே வேத வாசிப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருவிருந்து விஷயத்தை எங்கள் சபை ஆயரிடம் கேட்டேன். கேட்கவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அவர் 1 கொரிந்தியர் 11-ஐ 20ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொன்னார். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்து வெறிக்கிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். அபாத்திரம் என்று பவுல் கோபப்படுவது அங்கே. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று முடிக்கிறார். "பசியோட நின்னவன் நீங்க, உங்களை யாரு வராதேன்னு சொன்னா?" என்றார் ஆயர். வேதம் மட்டும் போதும் என்றுதானே சீர்திருத்தக்காரர்களே சொன்னார்கள் என்று கொஞ்சம் வாதாடினேன். அப்படிச் சொன்ன லூத்தர்தான் 1529-ல் வீட்டுக்கு வீடு சொல்லிக்கொடுக்க ஞானோபதேச வினாவிடையும் எழுதினார் என்றார். அப்போஸ்தலர் 8-ல் ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிற எத்தியோப்பிய மந்திரியிடம், வாசிக்கிறது விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்கிறான். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்கிறான் மந்திரி, ரதத்தில் ஏறி உட்காரச் சொல்கிறான். அவ்வளவு பெரிய பதவியில் இருக்கிறவனுக்கு வராத வெட்கம் எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

இப்போது எப்படி வாசிக்கிறேன் என்று கேட்டால் சொல்கிறேன், இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று இல்லை. காலையில் ஒரே அதிகாரம். வேதாகமத்தில் 1189 அதிகாரம், ஒரு வருஷத்தில் முடிக்க வேண்டும் என்றால் நாளுக்கு மூன்றே கால். அந்த ஓட்டத்தை விட்டுவிட்டேன். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகச் சேர்த்து வாசிப்பதும் இல்லை, தவறினது தவறினதுதான். புத்தகத்தை எடுத்தால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மாற்குதான் சொல்வேன், 16 அதிகாரம், கதை ஓடும். ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் சிக்கி நின்றுபோனவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! பழைய மொழிபெயர்ப்போடு பக்கத்தில் புது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் வைத்துக்கொள்கிறேன். நம் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871-ல் வந்த திருத்திய பதிப்பை ஒட்டியது. காதுக்கு அதுதான் இனிமை, அம்மா குரலில் கேட்டது. ஆனால் அபாத்திரம் மாதிரி ஒரு சொல் வழிமறித்தால் 1995-ல் வந்த மற்றது உதவும். எந்த வசனம் மனதைப் பிடித்தாலும் அதற்கு முன்னே பத்து, பின்னே பத்து வாசிக்காமல் அட்டையில் எழுதுவதில்லை. விரல் வைப்பது அறவே கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் பெரியவர் வீட்டில் ஆறேழு பேர் சேர்ந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தோம். ஒரு வேன் டிரைவர் வருவார், வாசிக்கத் திணறுவார், ஆனால் அவர் கேட்கும் கேள்விக்கு இதுவரை எங்களில் யாரும் உடனே பதில் சொன்னது கிடையாது.

பணம், வைத்தியம், கல்யாணம், படிப்பு என்று பெரிய முடிவுகள் வரும்போது ஜெபம் பண்ணுகிறேன், வாசிக்கிறேன், பிறகு அந்தத் தொழில் தெரிந்த ஒருவரைத் தேடிப் போகிறேன். அவர் கோயிலுக்கு வருகிறவரா என்று பார்ப்பதில்லை. மனைவியின் மாமாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் காப்பி கொடுத்துவிட்டு, "பணத்தைத் திருப்பி வாங்குற வழியைப் பாரு மொதல்ல" என்றார். அவரும் பெரியவரும் சேர்ந்துதான் போலீஸில் மனு எழுதிக்கொடுத்து, தரகரின் சொந்த ஊருக்கே போய்ப் பேசி, நாலு தவணையில் 80,000 ரூபாய் வாங்கிக்கொடுத்தார்கள். மிச்சம் 2,80,000 போனது போனதுதான். நகைக்குக் கட்டிய வட்டி 36,000. 2019 தொடக்கத்தில் நகையை மீட்டுக் கொண்டுவந்து மனைவி கையில் கொடுத்தபோது, அவள் சங்கிலியை எடுத்து எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்திருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு எந்தப் புத்தகத்திலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை, கேட்டது மன்னிப்பு, கிடைத்தது சாப்பாடு.

தினம் வாசிப்பதை விட்டுவிட்டேனா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது, இன்னமும் வாசிக்காமல் காப்பி இறங்காது. 2 தீமோத்தேயு 3:16-ல் வேதவாக்கியங்கள் எதற்குப் பிரயோஜனம் என்று ஒரு வரிசை உண்டு. உபதேசம், கடிந்துகொள்ளுதல், சீர்திருத்தல், நீதியைப் படிப்பித்தல். என் விஷயத்தில் கடிந்துகொள்ளுதல் நீதிமொழிகள் 15-ல் மாதா மாதம் பதினைந்தாம் தேதி நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் வாசித்துவிட்டு டிக் அடித்தேன்.

பெரியவர் போன வருஷம் காலமானார். சனிக்கிழமை வாசிப்பு இப்போது எங்கள் வீட்டில், இன்னமும் வாடகை வீடுதான். போன வாரம் புதிதாக வந்த ஒரு பையன், கல்யாணமாகி ஆறு மாதம், எல்லோரும் போன பிறகும் செருப்பு மாட்டாமல் வாசலில் நின்றான். பர்ஸிலிருந்து ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுத்தான், அதற்குப் பின்னால் மடித்து வைத்த ஒப்பந்த ஜெராக்ஸ். "அண்ணா, அட்வான்ஸ் இன்னும் கொடுக்கல, திங்கக்கிழமை சாயங்காலம் கொடுக்கிறதா சொல்லியிருக்கேன்" என்றான். அட்டையில் என்ன வசனம் என்று நான் கேட்கவில்லை. சர்வே எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். மனைவி உள்ளேயிருந்து, "தம்பி, வீட்டுக்காரிகிட்ட கேட்டியா?" என்றாள். அவன் தலையைச் சொறிந்தான். அவளையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கம்பெனியில் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.